இல்லாத மொழிக்கு எதுக்கு பாஸ் தடை?

உக்ரைன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ப்ளஸ் டூ முடிச்ச கையோடு எம்.பி.பி.எஸ். படிக்க ஃப்ளைட் ஏறிய எதிர்வீட்டுப் பையன். அப்புறம், 2022-ல் போர் வெடித்ததும் 'ஆபரேஷன் கங்கா' விமானங்களில் நம்ம ஊர் மாணவர்கள் கலங்கிப்போய் வந்து இறங்கிய காட்சி. அவ்வளவுதானே?

'அது ரஷ்யாவிலிருந்து பிரிஞ்ச நாடுதானே... ரெண்டும் ஒண்ணுதான்' என்று கேன்டீனில் யாராவது ஒரு அறிவாளி சொல்லியிருப்பார். நீங்களும் தலையாட்டியிருப்பீங்க. அந்த ஒரு வரியை எதிர்த்துத்தான் அந்த மக்கள் பல தலைமுறையா போராடிட்டு இருக்காங்க. கதையைக் கேளுங்க.

கீவ் யாருக்குச் சொந்தம்?

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கீவ் நகரைத் தலைநகராகக் கொண்டு 'கீவிய ரூஸ்' என்ற பெரிய அரசு இருந்தது. 988-ல் அதன் மன்னர் வொலோதிமிர் கிறிஸ்தவத்தை ஏற்றார். மாஸ்கோ? ஏடுகளில் அந்தப் பெயர் முதன்முதலாக வருவதே 1147-ல்தான்! ஆனால், இன்றைக்கு உக்ரைனியர், ரஷ்யர் இருவருமே 'கீவிய ரூஸ் எங்க பாட்டன் சொத்து' என்கிறார்கள். பிரச்னையின் ஆணிவேர் இதுதான்.

1240-ல் மங்கோலியர்கள் கீவ் நகரைச் சூறையாட, அதன்பின் லிதுவேனியா, போலந்து என்று நிலம் கைமாறியது. பண்ணை அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடிவந்த பலர் புல்வெளிகளில் 'கொசாக்' வீரர்களாகத் திரண்டார்கள். தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். 1648-ல் போதான் க்மெல்னித்ஸ்கி தலைமையில் போலந்தை எதிர்த்து எழுந்தார்கள். அந்தக் கிளர்ச்சியில் யூதர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டதையும் மறைக்க முடியாது. 1654-ல் மாஸ்கோ ஜாரிடம் உதவி கேட்டு உடன்பாடு போட்டார் க்மெல்னித்ஸ்கி. ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடம் கொடுத்த கதை ஆகிவிட்டது! 1775-ல் ராணி இரண்டாம் கேத்தரின் கொசாக் கோட்டையையே தரைமட்டமாக்கினார்.

பூட்ஸுக்குள் கவிதை

நாடு போச்சு, படை போச்சு. மிச்சம் இருந்தது மொழி. அதைக் கையில் எடுத்தவர் தராஸ் ஷெவ்சென்கோ. 1814-ல் பண்ணை அடிமையாகப் பிறந்தவர். நல்லா படம் வரைவார். அவர் திறமையைப் பார்த்த கலைஞர்கள், ஒரு ஓவியத்தைக் குலுக்கலில் விட்டு, கிடைத்த 2,500 ரூபிளை எஜமானரிடம் கட்டி அவரை மீட்டார்கள். அப்போது அவருக்கு வயசு 24. ரெண்டே வருஷத்தில், 1840-ல், 'கொப்ஸார்' கவிதைத் தொகுப்பு வெளியானது. 'பட்டிக்காட்டுப் பேச்சு' என்று ஒதுக்கப்பட்ட உக்ரைனிய மொழி, இலக்கியமாக எழுந்து நின்றது.

1847-ல் கைது. சிப்பாயாக நாடுகடத்தினார்கள். 'எழுதவும் கூடாது, வரையவும் கூடாது' என்று ஜார் முதலாம் நிக்கோலஸ் தன் கையாலேயே தண்டனையில் சேர்த்தார். ஷெவ்சென்கோ என்ன பண்ணினார் தெரியுமா? குட்டிக் குட்டி நோட்டுகள் தைத்து, அதில் கவிதை எழுதி, பூட்ஸுக்குள் ஒளித்துவைத்தார்!

1863-ல் ரஷ்ய உள்துறை அமைச்சர் வலூயெவ் ஒரு சுற்றறிக்கை விட்டார். இப்படி ஒரு தனி மொழி இருந்ததில்லை, இல்லை, இருக்கவும் முடியாது என்பதுதான் அதன் சாரம். இல்லாத மொழிக்கு எதுக்கு பாஸ் தடை? 1876-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். உக்ரைனிய மொழியில் புத்தகம் அச்சிடக் கூடாது, வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது, நாடகம் போடக் கூடாது. இசைக்குறிப்புக்குக் கீழே பாட்டு வரியைக்கூட அச்சிடக் கூடாது!

ஆனால், உக்ரைனின் மேற்குப் பகுதி ஆஸ்திரியாவிடம் இருந்தது. அங்கே லிவிவ் நகரில் அச்சகங்கள் ஓடின. 1894-ல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்த இளம் பேராசிரியர் மிகைலோ ஹ்ருஷெவ்ஸ்கி, உக்ரைனின் வரலாற்றைத் தனி வரலாறாகவே எழுத ஆரம்பித்தார். 1917-ல் ஜார் ஆட்சி கவிழ்ந்ததும் கீவில் அமைந்த மத்திய ராதாவுக்கு, அதாவது மக்கள் மன்றத்துக்கு, அவரே தலைவர்.

நம்ம வயசுப் பசங்க

1918 ஜனவரியில் சுதந்திரப் பிரகடனம். அடுத்த சில நாட்களிலேயே போல்ஷெவிக் படை கீவை நோக்கி வந்தது. ஜனவரி 29 அன்று க்ரூதி ரயில் நிலையத்தில் அவர்களை மறித்தவர்களில் கல்லூரி மாணவர்களும் ராணுவப் பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். சில நூறு பேர்தான். பிடிபட்ட மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

1922-ல் சோவியத் யூனியன் பிறந்தபோது உக்ரைனும் அதில் ஒரு குடியரசு. 1932-33-ல் ஸ்டாலின் ஆட்சி கிராமங்களில் இருந்த தானியத்தைப் பறித்தது. பசியில் வெளியூர் போக முயன்ற விவசாயிகளையும் தடுத்தது. 'ஹொலொதோமோர்' என்ற அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 39 லட்சம் பேர் என்பது மக்கள்தொகை ஆய்வாளர்களின் கணக்கு. அது நடந்ததாகச் சொல்வதே சோவியத் காலத்தில் பல பத்தாண்டுகள் குற்றமாக இருந்தது.

1990 அக்டோபரில் திரும்பவும் மாணவர்கள்! கீவின் நடுச்சதுக்கத்தில் கூடாரம் போட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். பிரதமர் மசோல் பதவியை விட்டே போனார். அந்தச் சதுக்கம்தான் பிற்பாடு 'மைதான்'. நம்ம 'மைதானம்' இருக்கே, அதே சொல்தான். பாரசீகத்திலிருந்து இங்கேயும் வந்தது, அங்கேயும் போனது. 2004-ல் தேர்தல் மோசடியை எதிர்த்துக் கூட்டம் திரண்டது அங்கேதான். 2013 நவம்பரில் போலீஸ் தடியடியில் மாணவர்கள் ரத்தம் சிந்தியதும், மறுநாள் ஊரே தெருவுக்கு வந்ததும் அங்கேதான்.

அந்த 90 சதவிகிதம்

'அப்போ, உக்ரைனிய மொழி பேசுறவங்கதான் உக்ரைனியரா?' என்று கேட்பீங்க. இல்லை! ஜனாதிபதி ஜெலன்ஸ்கியே ரஷ்ய மொழி பேசும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்தான். 1991 டிசம்பர் 1 அன்று நடந்த வாக்கெடுப்பில் 90 சதவிகிதத்துக்கும் மேலானவர்கள் சுதந்திரத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். ரஷ்ய மொழி பேசுவோர் நிறைந்த தோன்பாஸில் 80 சதவிகிதத்துக்கும் மேல். கிரிமியாவில்கூட 54 சதவிகிதம். மொழியால் உயிரோடு இருந்த நாட்டை, கடைசியில் எல்லா மொழிக்காரர்களும் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தார்கள்.

2014-ல் கிரிமியாவை ரஷ்யா பிடித்துக்கொண்டது. 2021 ஜூலையில் ரஷ்ய அதிபர் புடின் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ரஷ்யரும் உக்ரைனியரும் ஒரே மக்கள் என்பதே அதன் வாதம். ஏழே மாதத்தில், 2022 பிப்ரவரி 24 அன்று, டாங்குகள் எல்லையைத் தாண்டின. 1863 சுற்றறிக்கை ஞாபகம் வருதா?

அதனால, கேன்டீனில் இனி யாராவது 'ரெண்டும் ஒண்ணுதானே மச்சி' என்றால், தலையாட்டிடாதீங்க. ஒரு டீ சொல்லி, உட்கார வைத்து, க்ரூதி ரயில் நிலையத்துக்குப் போன பசங்க கதையிலிருந்து ஆரம்பியுங்க!