அல்ட்ராவைடு மானிட்டர்: ‘மேக்ஸிமைஸ்’ பட்டனை ஏன் மறக்க வேண்டும்?

34 இன்ச் அல்ட்ராவைடு மானிட்டர் மேசைக்கு வந்தாச்சு. பிரவுசரைத் திறந்து மேக்ஸிமைஸ் செய்கிறீர்கள். இணையதளம் நடுவில் ஒரு பட்டையாகத் தெரிகிறது, இருபுறமும் வெறும் வெள்ளை. ‘இதுக்கா இவ்வளவு பணம் கொடுத்தோம்?’ என்று தோன்றலாம். அந்த அகலத்தைப் பிரித்துப் பயன்படுத்தினால்தான் கொடுத்த காசுக்குப் பலன்.

கூடுதலாகக் கிடைப்பது என்ன?

27 இன்ச் குவாட் எச்டி மானிட்டரில் 2560 × 1440 பிக்சல்கள். 34 இன்ச் அல்ட்ராவைடில் பொதுவாக 3440 × 1440. அகலம் 34% அதிகம், உயரம் அதேதான். அதாவது, எக்செல் ஷீட்டில் கூடுதல் காலம்கள் தெரியும், கூடுதல் வரிசைகள் தெரியாது.

எப்படிப் பிரிப்பது?

பலரும் சரிபாதியாகப் பிரிக்கிறார்கள். அப்போது இரண்டு விண்டோக்கள் சேரும் கோடு உங்கள் மூக்குக்கு நேராக வரும். எதைப் பார்த்தாலும் கழுத்தைத் திருப்ப வேண்டும். எட்டு மணி நேரம் இப்படி உட்கார்ந்தால் கழுத்து சும்மா இருக்குமா?

கால், அரை, கால் என்று பிரித்துப் பாருங்கள். நடுவில் 1720 பிக்சல், அங்கே முக்கிய வேலை. இருபுறமும் தலா 860. ஒரு பக்கம் சாட், மறுபக்கம் மெயில் அல்லது குறிப்புகள்.

விண்டோஸ் 11-இல் விண்டோஸ் கீயுடன் இசட் கீயை அழுத்தினால் இந்த அமைப்புகள் வரும். அளவுகளை நீங்களே முடிவு செய்ய வேண்டுமா? மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸில் ‘ஃபேன்சிஸோன்ஸ்’ இருக்கிறது. ஷிஃப்ட் கீயைப் பிடித்தபடி விண்டோவை இழுத்தால் போதும், கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

மேக்கில் 2024-இல் வந்த செக்கோயா பதிப்பு முதல் திரையைப் பாதியாகவும் காலாகவும் பிரிக்கும் வசதி உண்டு. மூன்றாகப் பிரிக்க ‘ரெக்டாங்கிள்’ என்ற இலவச ஆப் உதவும்.

ஸ்கிரீன் ஷேர் செய்யும்போது உஷார்

மீட்டிங்கில் முழுத் திரையையும் ஷேர் செய்தால், 1920 பிக்சல் அகல லேப்டாப்பில் பார்ப்பவருக்கு உங்கள் திரை 56% அளவுக்குச் சுருங்கிவிடும். எழுத்துகள் எறும்பு மாதிரி தெரியும். அதைவிட ஆபத்து, ஓரத்தில் திறந்திருக்கும் சாட்டும் சேர்ந்தே தெரியும். சம்பளப் பேச்சோ, மேனேஜர் பற்றிய கிண்டலோ அதில் இருந்தால் கதை கந்தல்.

எனவே, தேவையான விண்டோவை மட்டும் ஷேர் செய்யுங்கள். ஜூமில் திரையின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் வசதியும் இருக்கிறது.

வால்பேப்பரில் தலை ஏன் வெட்டுப்படுகிறது?

4கே படத்தின் அளவு 3840 × 2160. ‘ஃபில்’ கொடுத்தால், அது திரையின் அகலத்துக்கு ஏற்ப 3440 × 1935 ஆகச் சுருங்கும். திரையின் உயரமோ 1440. மீதி 495 பிக்சல்கள், அதாவது படத்தில் கால்வாசி, மேலும் கீழுமாகப் போய்விடும். ‘ஸ்ட்ரெச்’ கொடுத்தால் எதுவும் வெட்டுப்படாது. ஆனால் முகங்கள் மூன்றில் ஒரு பங்கு அகலமாகி, பூசணிக்காய் போல ஆகிவிடும். 1920 பிக்சல் படமென்றால் 1.8 மடங்கு பெரிதாகி மங்கும்.

படத்தை நீங்களே 3440 × 1440 அளவுக்கு வெட்டிக்கொள்வது நல்லது. கடையில் தேட வேண்டியதில்லை. 12 மெகாபிக்சல் போனில் அகலவாக்கில் எடுத்த படம் சுமார் 4000 பிக்சல் அகலம் இருக்கும், அதுவே தாராளம். முக்கியமான உருவத்தை ஓரமாக வைத்து வெட்டுங்கள், நடுவில்தான் எப்போதும் விண்டோ திறந்திருக்கும்.

இன்னும் வாங்கவில்லையா? உங்கள் வேலை எந்தப் பக்கம் நீள்கிறது என்று பாருங்கள். டைம்லைன், அகலமான ஷீட், பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் டாக்குமெண்ட் என்றால் அல்ட்ராவைடு கைகொடுக்கும். நாள் முழுக்க மேலிருந்து கீழே ஸ்க்ரோல் செய்கிற வேலை என்றால், கூடுதல் பணம் கொடுத்தும் ஒரு வரிகூட அதிகமாகத் தெரியப்போவதில்லை.