வேர்களுக்கிடையே வளரும் இறால்

வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில், வளர்வதோ கழிமுகத்தில். குஞ்சுகள் ஓதத்தோடு கரைநோக்கி வந்து, சில மாதங்கள் தங்கிப் பெருத்தபின் கடலுக்குத் திரும்புகின்றன.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்த பிச்சாவரம் அலையாத்திக் காடு அப்படியொரு வளர்ப்பிடம். சுரபுன்னையின் முட்டுவேர்கள் நெருக்கமாக நீரில் இறங்குவதால் பெரிய மீன்கள் உள்ளே புகுந்து வேட்டையாடத் திணறும். உதிர்ந்த இலைகள் சேற்றில் மட்கி, இறாலுக்கும் மடவைக் குஞ்சுக்கும் இரையாகின்றன. படகேறும் சுற்றுலாப் பயணிகள் மரங்களைத்தான் படமெடுக்கிறார்கள். உண்மையான கூட்டம் தண்ணீருக்குள்!

ஆனால் மரம் மட்டும் போதாது. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் குஞ்சுகள் நுழைய வழியிராது. நீரோட்டம் நின்றால் சேற்றில் உப்பேறி மரமே பட்டுப்போகும். அப்படிப் பட்டுப்போன திட்டுகளில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீரைப் பாயவிட்டுக் கன்றுகளை நட்டன.