ஸ்டென்ட் பொருத்திய பின் வரும் மாரடைப்பு: எதற்கு அஞ்ச வேண்டும்?

இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டு வீடு திரும்புவோரின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு: "சிகிச்சைதான் முடிந்துவிட்டதே, இனியும் மாரடைப்பு வருமா? வந்தால் உயிருக்கு ஆபத்தா?" வரக்கூடும் என்பதே உண்மை. ஆயினும் அது இரு வகைப்படும். உயிர்வாழ்வின்மீது அவை ஏற்படுத்தும் விளைவும் வேறு வேறானது.

முதல் வகை சிகிச்சையின்போதே நேர்வது. அடைப்பைப் பலூன் கொண்டு விரிக்கும்போது கொழுப்புப் படிவின் நுண்துகள்கள் சிதறலாம். சிறு கிளைத் தமனி ஒன்று மூடிக்கொள்ளலாம். அதனால் இதயத்தசையின் சிறு பகுதி பாதிக்கப்பட்டு, ட்ரோபோனின் என்னும் புரதம் இரத்தத்தில் உயரும். இவ்வுயர்வு பலருக்கும் காணப்படுவது. அதனை மட்டும் கொண்டு மாரடைப்பு என்று நாங்கள் முடிவு செய்வதில்லை. அளவு இயல்பு வரம்பின் ஐந்து மடங்கைத் தாண்டி, இசிஜி மாற்றம் போன்ற வேறு சான்றும் இருந்தால்தான் அவ்வாறு பெயரிடுவோம். பாதிப்பு பெரிதாயின் அதனைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும். அதற்காகவே சிகிச்சைக்குப் பின் உங்களை மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்கிறோம்.

இரண்டாம் வகை, வீடு திரும்பிய பின் வருவது. ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து தமனி முற்றிலும் அடைபடலாம். அல்லது வேறோர் இடத்திலுள்ள கொழுப்புப் படிவு வெடிக்கலாம். மருத்துவ உதவி அருகில் இல்லாத நேரத்தில் தசையின் பெரும்பகுதி பாதிக்கப்படுவதால் இதுவே கொடியது.

2009இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கியது. நிலையற்ற நெஞ்சுவலி அல்லது மாரடைப்புடன் வந்து ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்ட 7,773 பேரில், சிகிச்சையையொட்டிய மாரடைப்பு 6 விழுக்காட்டினருக்கும், பின்னர் தானாக வந்த மாரடைப்பு 2.6 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தது. வயது, பிற நோய்கள் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டபின், முதல் வகையால் ஓராண்டுக்குள் இறக்கும் அபாயம் உறுதியாகக் கூடியதாகத் தெரியவில்லை. இரண்டாம் வகையால் அது ஏழு மடங்குக்கும் மேல் கூடியது.

இரண்டாம் வகையைத் தடுப்பதில் பெரும்பங்கு உங்கள் கையிலேயே உள்ளது. ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைவதற்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று, ஆஸ்பிரினையும் அதனுடன் தரப்படும் குளோபிடோக்ரெல் அல்லது டைகாக்ரெலரையும் குறித்த காலத்திற்கு முன் நிறுத்துவது. 2005இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், மருந்து பூசிய ஸ்டென்ட் பொருத்திய 2,229 பேரில் ஒன்பது மாதங்களுக்குள் 29 பேருக்கு அவ்வாறு இரத்தம் உறைந்தது. அவர்களுள் 13 பேர் உயிரிழந்தனர். அரிதாக நேர்வது, நேர்ந்தால் கடுமையானது.

மாரடைப்புக்காக ஸ்டென்ட் பொருத்தியவர்களுக்கு இவ்விரு மருந்துகளும் பொதுவாக ஓராண்டுக்குத் தேவை. நலமாக உணர்வது அவற்றை நிறுத்தக் காரணமாகாது. பல் பிடுங்கவோ வேறு அறுவைக்கோ செல்லுமுன் எங்களைக் கேளுங்கள். நார்த்தாமலை மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி விரதம் இருப்போரும், ரமலான் நோன்பு நோற்போரும் முன்கூட்டியே சொன்னால், மாத்திரை வேளையை மாற்றித் தர இயலும். புகையிலையை அறவே விடுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுக்குள் வையுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அழுத்தத்திற்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன.

மீண்டும் நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி தோன்றினால் வாய்வு என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். நோயாளி இருசக்கர வாகனம் ஓட்டிவரலாகாது. மணமேல்குடி, பொன்னமராவதி போன்ற தொலைவுப் பகுதிகளில் இருப்போர், 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதற்கட்ட மாத்திரைகள் பெறலாம் என்பதை நினைவிற்கொள்க. சிகிச்சைச் சுருக்கத்தையும் மாத்திரைச் சீட்டையும் வீட்டார் அனைவரும் அறிந்த ஓரிடத்தில் வைத்திருங்கள். ஆம்புலன்ஸ் வரும்போது அவற்றைத் தேடும் நிலை வரலாகாது.