சிவப்புக் கோடு சிரிக்காது!

ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தை வாசித்தபோது 'ஐலண்ட்' என்பதை 'இஸ்லாண்ட்' என்றேன். வகுப்பே சிரித்தது. அதன்பின் ஓராண்டு நான் ஆங்கிலத்தில் வாயே திறக்கவில்லை. வானூர் பக்கம் தமிழ் வழியில் படித்த நான் இன்று சாப்ட்வேர் இன்ஜினியர். இடையில் நடந்ததை ஆசிரியர்களுக்கும், வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியுள்ள பெற்றோருக்கும் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு டீச்சர் முதலில் எங்களுக்கு ஒரு காரணம் தந்தார். எங்கள் வட்டத்தில்தான் திருவக்கரை இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. 1968-ல் தொடங்கிய ஆரோவில்லும் அருகில்தான். "வெளிநாட்டுக்காரர் ஒருவர் கல்மரத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வாய்? ஐந்து வரி எழுது" என்றார். அதுவரை மனப்பாடம் செய்த கட்டுரைகள் மதிப்பெண்ணுக்காக. இது ஒரு மனிதருக்குச் சொல்வதற்காக!

அடுத்து, பள்ளிக் கம்ப்யூட்டரில் அதை டைப் செய்யச் சொன்னார். எம்.எஸ். வேர்டில் தவறான சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு விழும். "இது சிரிக்காது, நீயே திருத்து" என்றார். திருத்திய பிறகுதான் பார்ப்பார். இரண்டு பிழைகளை மட்டுமே சுட்டுவார். பயம் போனது.

2011-ல் அரசு தொடங்கிய திட்டத்தில் பிளஸ் டூவில் எனக்கு லேப்டாப் கிடைத்தது. மெனு முழுக்க ஆங்கிலம். அகராதியோடு உட்கார்ந்தேன். இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில் என்னைப் போன்ற சிலர் அரியர் வைத்தார்கள். கணக்குத் தெரியாமல் அல்ல, கேள்வி புரியாமல்!

நீங்களும் செய்து பாருங்கள்:

1. மாணவரின் ஊர், வீடு, தொழில் பற்றி ஐந்து வரி டைப் செய்யச் சொல்லுங்கள். கோடு விழுந்த சொல்லில் ரைட் கிளிக் செய்தால் சரியான எழுத்துகள் வரும். ஆனால் பார்ப்பதைக் குறிக்கும் 'சீ'க்குப் பதில் கடலைக் குறிக்கும் 'சீ' எழுதினால் கோடு வராமல் போகலாம். அதற்குத்தான் ஆசிரியர்.

2. எட்ஜ் பிரவுசரில் ஆங்கிலப் பக்கத்தைத் திறந்து கண்ட்ரோல், ஷிப்ட், யு கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். கம்ப்யூட்டர் வாசிக்கும், மாணவர் திருப்பிச் சொல்லட்டும்.

3. விண்டோஸ் சவுண்ட் ரெக்கார்டரில் தன் குரலைப் பதிந்து, முதலில் தனியாகக் கேட்கட்டும்.

4. ஏஐ மென்பொருளிடம் கட்டுரை கேட்க வேண்டாம். தானே எழுதியபின் பிழையைக் காட்டச் சொல்லலாம்.

வகுப்பில் யாராவது 'இஸ்லாண்ட்' என்று வாசித்தால் சிரிக்க விடாதீர்கள். அந்த ஒரு சிரிப்பில் எனக்கு ஓராண்டு போனது.