கடலுக்கு அருகே ஒரு நெல்லூர்

மன்னார் என்றதும் கருவாடும் கழுதையும்தான் பலருக்கு நினைவு வரும். தீவின் பாலத்தைக் கடந்து மதவாச்சி வீதியில் முருங்கன் பக்கம் போனால், அதற்கு முன்பே உயிலங்குளம். இங்கே பேச்செல்லாம் வயலும் தண்ணீரும்தான்.

இந்தப் பெருநிலப்பரப்பின் விவசாயம் கட்டுக்கரைக் குளத்தை நம்பியது. அருவியாற்றை மறித்த தேக்கம் அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் வழியே அதற்கு நீர் வருகிறது. அங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட சிறு குளங்களுக்குப் பிரிகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டியதாகச் சொல்லப்படும் குளம், இன்றும் நம் சோற்றுக்கு வழி செய்கிறது!

மாரி மழையோடு காலபோகம். சிறுபோகம் அப்படியல்ல. குளத்தில் மிஞ்சிய நீரைப் பார்த்து, எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று கமக்காரரும் அதிகாரிகளும் கூட்டம் கூடித்தான் முடிவெடுப்பார்கள். அந்தக் கூட்டங்களில் குரல் உயராமல் இருக்காது; தண்ணீர் விஷயமல்லவா!

2002 போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பிறகு உயிலங்குளம் இன்னொரு விதத்திலும் பெயர் பெற்றது. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் விடுதலைப் புலிகளின் பகுதிக்கும் இடையில் மக்கள் சோதனைக்கு நின்று கடந்துபோன வழிகளில் இதுவும் ஒன்று. இப்போது அதே வீதியில் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரங்கள் போகின்றன.