குதிரை முதுகில் ஓர் அழுத்தக் கணக்கு

சவாரிக் குதிரை ஒன்றை அருகில் நின்று பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், முதலில் அதன் முதுகைப் பாருங்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்கும். செந்நிறமோ கருநிறமோ கொண்ட சில குதிரைகளில் அந்த மேட்டின் இரு புறமும் உள்ளங்கையளவு வெள்ளைத் திட்டுகள் தென்படும். பிறவி அடையாளம் என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அவ்வாறன்று. பொருந்தாத சேணம் நாள்தோறும் அழுத்தியதால் அங்கே தோலுக்கு இரத்தம் செல்வது தடைபட்டு, மயிருக்கு நிறமூட்டும் உயிரணுக்கள் மடிந்திருக்கின்றன. புண் ஆறிவிடும், ஆனால் அவ்விடத்தில் மயிர் வெள்ளையாகவே முளைக்கும்.

புதுச் செருப்புக் கடித்தால் நாம் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துவிடுகிறோம். குதிரைக்கு அந்த வசதி இல்லை. சேணம் கட்டும்போது காதைப் பின்னுக்கு மடக்கும், வாலைச் சுழற்றும், கடிக்க வரும். உடனே அதை 'முரட்டுக் குதிரை' என்று சொல்லிவிடுகிறோம்! நாம் படித்த இயற்பியலைக் கொண்டு குதிரையின் பக்கத்து நியாயத்தைச் சற்றுக் கேட்போமா?

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுக்கக் கிடைப்பது என்று நீங்கள் அறிவீர்கள். 50 கிலோகிராம் நிறையுள்ள மாணவர் ஒருவர் 8 கிலோகிராம் சேணத்தின்மீது அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். மொத்த நிறை 58 கிலோகிராம். அதன் எடை ஏறத்தாழ 568 நியூட்டன். சேணத்தின் அடியில் முதுகெலும்பின் இரு புறமும் இரண்டு மெத்தைகள் உண்டு. ஒவ்வொன்றும் 40 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் கொண்டு, முழுவதும் முதுகில் படிந்திருந்தால் மொத்தப் பரப்பு 1200 சதுர செ.மீ. அழுத்தம் சுமார் 4.7 கிலோபாஸ்கல்.

இனி, அதே சேணம் முதுகின் வளைவுக்குப் பொருந்தவில்லை என்று கொள்வோம். குழிந்த முதுகின்மேல் நேரான சேணத்தை வைத்தால், அது ஆற்றின்மேல் போட்ட பாலம்போல் முன்னும் பின்னும் மட்டுமே தொட்டு நிற்கும். நான்கு மூலைகளிலும் 60 சதுர செ.மீ. வீதம் தொட்டால் மொத்தம் 240 சதுர செ.மீ.தான். அழுத்தம் ஐந்து மடங்காகி, 23.7 கிலோபாஸ்கலை எட்டிவிடும். மாணவரின் எடை கூடவில்லை. குதிரையின் துன்பம் மட்டும் கூடிவிட்டது.

இந்த எண்களை எதனோடு ஒப்பிடுவது? மனிதத் தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் அழுத்தம் சுமார் 4 கிலோபாஸ்கல். வெளியிலிருந்து அதைவிட மிகுந்த அழுத்தம் இடைவிடாது இருந்தால் குழாய்கள் நசுங்கி இரத்த ஓட்டம் நின்றுபோகும். நெடுநாள் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்குப் படுக்கைப்புண் வருவது இதனால்தான். ஓடும் குதிரையில் அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருப்பதால், இறங்கும் கணங்களில் இரத்தம் பாய்ந்துவிடுகிறது. ஆனால் துள்ளோட்டத்தில் உச்ச விசை சவாரி செய்பவரின் எடையைப்போல் இரு மடங்குவரை செல்லும் என்பதையும் மறக்கக் கூடாது.

அளவெடுக்கும் முறை

ஆம்பூர் காலணித் தொழிற்சாலைகளில் பாத வடிவான அச்சுக்கட்டையின்மேல் தோலை இழுத்துப் பொருத்திக் காலணி செய்கிறார்கள். அச்சுக்கு எண் உண்டு. உங்கள் எண்ணைச் சொன்னால் காலணி கிடைத்துவிடும். சேணத்திற்கு அந்தக் குதிரையின் முதுகே அச்சு. ஆகவே நல்ல சேணத்தை அளவெடுத்தே செய்விக்க வேண்டும்.

கருவி மிக எளியது: எளிதில் வளையும் தடித்த கம்பி ஒன்று போதும். குதிரையைச் சமதளத்தில் நான்கு கால்களும் சீராக ஊன்றுமாறு நிறுத்துங்கள். தோள்பட்டை எலும்புக்கு இரண்டு விரல் பின்னே முதுகின் குறுக்கே கம்பியை வைத்து, உடலோடு ஒட்டும்படி வளைத்து, அந்த வடிவத்தை அட்டையில் வரைந்துகொள்ள வேண்டும். பிறகு முதுகின் நடுவில் ஒன்று, கடைசி விலா எலும்பின் அருகே ஒன்று. நான்காவதாக, முதுகின் நீளவாக்கில் ஒரு வளைவு. விலா எலும்புகளே சுமையைத் தாங்குகின்றன. அதனால் கடைசி விலாவுக்குப் பின்னே சேணம் நீளக் கூடாது.

சேணம் தயாரானதும் துணியேதும் விரிக்காமல் வெறும் முதுகில் வைத்து, ஆள் ஏறியபின் பாருங்கள். முன்மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல்கள் நுழைய வேண்டும். நடுவில் முதுகெலும்பு நெடுகிலும் மூன்று நான்கு விரல் அகலக் கால்வாய் ஒன்று திறந்திருக்க வேண்டும். பின்னே நின்று பார்த்தால் அதன் வழியே வெளிச்சம் தெரியும். இறுக்கமான சேணத்தின் அடியில் தடித்த கம்பளியை மடித்து வைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வர். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ் போடச் சொல்வதற்கு ஒப்பான யோசனை இது!

அரை மணி நேரச் சவாரிக்குப் பின் சேணத்தை எடுத்ததும் வியர்வைத் தடத்தைக் கவனியுங்கள். இரு புறமும் சீராக நனைந்திருந்தால் நன்று. நனைந்த பரப்பின் நடுவே உலர்ந்த திட்டு இருந்தால், ஒன்று அங்கே சேணம் தொடவேயில்லை, அல்லது வியர்வை வர முடியாத அளவுக்கு அழுத்தியிருக்கிறது. இரண்டில் எது என்பதை விரலால் அழுத்திப் பார்த்தால் குதிரையே சொல்லிவிடும். முதுகைத் தாழ்த்தி விலகினால் அழுத்தமே காரணம்.

எந்தத் தோல்?

சேணத்தின் உள்ளே மரத்தாலோ செயற்கைப் பொருளாலோ ஆன ஒரு சட்டம் உண்டு. சுமையை இரு மெத்தைகளுக்கும் பகிர்ந்தளிப்பது அதுவே. அதன்மேல் போர்த்தியுள்ள தோல், பகிர்ந்தளித்த கணக்கைக் குலைக்காமல் காக்க வேண்டும். வார் ஒரு புறம் நீண்டுவிட்டால் சேணம் சாய்ந்து, சுமை முழுவதும் மறு புறம் போய்விடும்.

தோல் என்பது கொலாஜன் என்னும் புரத இழைகளின் பின்னல். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட கயிறு போன்றது அதன் மூலக்கூறு. இந்த அமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் முன்மொழிந்து, அடுத்த ஆண்டே மேலும் திருத்தி வெளியிட்டனர். 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அவர்கள் ஆய்வகத்துக்கு அண்மையில் அடையாற்றில் இருந்தது. ஆய்வுக்கு வேண்டிய கொலாஜனைப் பெற அது உதவியது. கங்காரு வாலின் தசைநாணிலிருந்து கிடைத்த கொலாஜனின் எக்ஸ்-கதிர்ப் படம் அவர்களுக்கு வழிகாட்டியது.

பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகும். காய வைத்தால் பலகையாகும். இழைகளுக்கிடையே வேதிப் பாலங்களை அமைத்து இவ்விரண்டையும் தடுப்பதே பதனிடுதல். வேலூர், இராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் முன்னாளில் ஆவாரம்பட்டைதான் இதற்கு முதன்மையான பொருள். சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் நீக்கிய தோல், பட்டைச் சாறு நிரம்பிய தொட்டிகளில் வாரக்கணக்கில் ஊறும். முடிவில் கடுக்காய்ச் சாற்றிலும் இடுவார்கள். இல்லையேல் ஆவாரந்தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும். 'கிழக்கிந்தியத் தோல்' என்று உலகச் சந்தையில் பெயர் பெற்ற சரக்கு இதுதான். பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு 1973-இல் கட்டுப்படுத்திய பிறகு, முழுமையாக்கிய தோலும் காலணியும் செய்ய இவ்வட்டாரம் முனைந்தது. ஓரிரு நாளில் வேலையை முடிக்கும் குரோமிய உப்பு பட்டையின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது.

பாலாற்றுக் கரையில் இருந்துகொண்டு இதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் போவது முறையன்று. தோல் கழிவு நிலத்தையும் நீரையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை அத்தீர்ப்பு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. பட்டைக் கழிவு மட்டும் ஆற்றுக்கு நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். அதுவும் நீரிலுள்ள ஆக்சிஜனைக் குடித்துவிடக் கூடியதே.

சேணத்துக்கு எது ஏற்றது? குரோமியத் தோல் மென்மையானது, நெகிழ்வது; காலணியின் மேற்பகுதிக்கு உகந்தது. பட்டைத் தோல் விறைப்பானது. ஈரமாக்கி ஒரு வடிவத்தில் பொருத்தி உலர விட்டால் அவ்வடிவத்திலேயே நிற்கும். ஆகவேதான் சேணத்தின் பெரும் பகுதிக்கும் வார்களுக்கும் பட்டைத் தோலையே கேட்டு வாங்குகிறார்கள். இந்தியாவில் சேணத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் கான்பூர். ஆம்பூர்க்காரர்களுக்கு இதில் வருத்தம் இருக்க நியாயமில்லை!

வாங்கும்போது வாரைச் சிறப்பாகச் சோதியுங்கள். மாட்டுத் தோலில் முதுகுப் பகுதியின் இழைகள் நெருக்கமானவை. வயிற்றுப் பகுதி தளர்ந்தது, இழுத்தால் நீளும். வாரை மடித்தால் மேற்பரப்பில் மெல்லிய சுருக்கங்கள் தோன்றினால் நல்ல முதுகுத் தோல். பெரிய மடிப்புகளாகப் பொருமினால் வயிற்றுத் தோல். தையலையும் பாருங்கள். இரண்டு ஊசிகளால் ஒரே துளையில் எதிரெதிராகக் கோத்த கைத்தையலில் ஓர் இழை அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும்.

பேணுதல்

சவாரி முடிந்ததும் ஈரத் துணியால் வியர்வையைத் துடைத்துவிட வேண்டும். குதிரையின் வியர்வையில் உப்போடு லாத்தரின் என்னும் புரதமும் உண்டு. சேணத்தின் ஓரங்களில் சோப்பு நுரைபோல் காண்பது அதனால்தான். உப்புத் தங்கினால் தோல் வெடிக்கும்.

நனைந்த சேணத்தை அடுப்பருகிலோ வெயிலிலோ காய வைப்பது பெரும் தவறு. நீரில் சூடேற்றினால் பச்சைத் தோல் 60 டிகிரி செல்சியசை ஒட்டியே திடீரெனச் சுருங்கும். கொலாஜனின் முறுக்கு அவிழ்வதே காரணம். பட்டைத் தோல் ஏறத்தாழ 70 முதல் 85 டிகிரி வரை தாங்கும். குரோமியத் தோல் 100-ஐ எட்டும். அந்த எல்லையைத் தொடாவிட்டாலும் இன்னோர் ஆபத்து உண்டு. இழைகளுக்கிடையே உள்ள நீர் ஆவியாகும்போது, அதன் பரப்பு இழுவிசை இழைகளை ஒன்றோடொன்று இழுத்து ஒட்ட வைக்கிறது. ஒட்டிய இழைகள் வளைத்தால் முறியும். கொழுப்பு எண்ணெய் இழைகளைப் பூசி இந்த ஒட்டுதலைத் தடுக்கிறது. அதனால் நிழலில் காற்றாட உலர்த்தி, ஈரம் முற்றிலும் போகுமுன் சிறிதளவு எண்ணெய் தடவ வேண்டும். தோலின் சொரசொரப்பான உட்புறம் எண்ணெயை எளிதில் ஏற்கும். அளவு மிஞ்சினால் இழைகள் வழுக்கி, வார் நீண்டு, தையல் நூலும் கெடும்.

வடகிழக்குப் பருவமழை நாட்களில் பூஞ்சணம் பிடிக்கும். பிளாஸ்டிக் உறையில் மூடுவது பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக் கொடுப்பதாகும். முதுகு வடிவான மரத் தாங்கியில், காற்றோட்டமான அறையில் வையுங்கள். இரும்பு ஆணி எதுவும் ஈரத் தோலைத் தொடக் கூடாது. ஏன் என்பதை நீங்களே கண்டறியலாம்: கடுக்காய்த் தூளைக் கொதிக்க வைத்து வடிகட்டிய நீரில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டு மறுநாள் பாருங்கள். நீர் கருத்திருக்கும். பழங்காலத்து மை இப்படித்தான் செய்யப்பட்டது. சேணத்திலும் அதே கறை விழும்.

குதிரையின் முதுகு ஒரே வடிவில் இருப்பதில்லை. இளங்குதிரை ஐந்தாறு வயது வரை வளர்கிறது. வளர்ந்த குதிரையும் தீவனத்துக்கும் உழைப்புக்கும் ஏற்ப இளைக்கிறது, பெருக்கிறது. மெத்தையினுள் உள்ள கம்பளியும் நாளடைவில் அமுங்கி இறுகும். சேணம் செய்பவர் அதைப் பிரித்து மீண்டும் நிரப்பித் தருவார். அதனால் முதலில் வரைந்த அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். மூலையில் தேதியை எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கம்பியை வளைத்துப் புது அட்டையில் வரைந்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.