தலைமறைவில் இருந்த அப்பா, மகனுக்குக் கொடுத்த வாக்கு: சல்மான் ருஷ்டி எழுதிய சிறுவர் கதை என்ன சொல்கிறது?

எந்த நேரமும் கொலை மிரட்டல். எங்கே இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியக் கூடாது. அப்படிப்பட்ட நிலையில் ஓர் எழுத்தாளர் அடுத்து என்ன எழுதுவார்? சல்மான் ருஷ்டி எழுதியது சிறுவர் கதை! 1990-ல் வெளியான 'ஹாரூன் அண்ட் த சீ ஆஃப் ஸ்டோரீஸ்' பிறந்த கதை இது.

யார் இந்த ருஷ்டி?

1947 ஜூன் 19-ல் பம்பாயில் பிறந்தவர். 'மிட்நைட்ஸ் சில்ட்ரன்' நாவலுக்காக 1981-ல் புக்கர் பரிசு வாங்கினார். 1988-ல் வெளியான 'த சாட்டானிக் வெர்சஸ்' அவரது வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது. அது தங்கள் மார்க்கத்தை இழிவுபடுத்துவதாக இஸ்லாமியர்கள் பலர் கொதித்தார்கள். இந்தியா அதே ஆண்டு அக்டோபரில் புத்தக இறக்குமதிக்குத் தடை போட்டது. 1989 பிப்ரவரி 14-ல், ருஷ்டியைக் கொல்லச் சொல்லி ஈரான் தலைவர் அயத்துல்லா கொமேனி ஃபத்வா பிறப்பித்தார். அதன்பிறகு பிரிட்டன் போலீஸ் பாதுகாப்பில், 'ஜோசப் ஆன்டன்' என்ற புனைபெயரில் பல வருட தலைமறைவு வாழ்க்கை.

அப்போது மகன் ஜாஃபருக்கு 9 வயது. பெரியவர்களுக்கான நாவலை முடித்ததும் உனக்கொரு புத்தகம் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அதைத்தான் காப்பாற்றினார். முதல் வரைவைப் படித்த பையன், கதையில் துள்ளல் போதவில்லை என்று சொல்லிவிட, உட்கார்ந்து திருத்தி எழுதினாராம். புக்கர் வாங்கியவருக்கே இந்த நிலைமை!

சரி, கதை என்ன?

ரஷீத் ஊரறிந்த கதைசொல்லி. மனைவி பக்கத்து வீட்டுக்காரரோடு போய்விடுகிறார். கோபத்தில் மகன் ஹாரூன், உண்மையே இல்லாத கதைகளால் என்ன பிரயோஜனம் என்று அப்பாவிடம் கேட்டுவிடுகிறான். அவ்வளவுதான், அப்பாவுக்குக் கதையே வரவில்லை. வாயைத் திறந்தால் வெறும் சத்தம். தன்னால் போனதைத் தானே மீட்டு வர, கதைகளின் கடலுக்குக் கிளம்புகிறான் ஹாரூன்.

அங்கே ஒருவன் கடலில் விஷம் கலக்கிறான். பெயர் கத்தம் ஷுத், அதாவது 'எல்லாம் முடிந்தது'. அவனுடைய நாடு 'சுப்', பேசவே கூடாத தேசம். எதிரே 'குப்', சதா வாயாடும் தேசம். குப் சிப்பாய்கள் தளபதியின் உத்தரவைக்கூட விவாதித்துத் தீர்ப்பார்கள். இவர்களா ஜெயிப்பார்கள் என்று தோன்றும். ஆனால் பேசிப் பேசியே ஒற்றுமையாகிவிட்ட அந்தப் படைதான் ஜெயிக்கிறது. ஒருவரோடு ஒருவர் பேசாததால் யாரையும் நம்பாத சுப் படை சிதறுகிறது. வாயடைக்கப்பட்ட எழுத்தாளர் இதை ஏன் எழுதினார் என்று விளக்கத் தேவையில்லை.

கதைக்கடல் என்ற பெயர் நம்ம ஊர் சரக்கு. 11-ம் நூற்றாண்டில் காஷ்மீரில் சோமதேவர் தொகுத்த 'கதாசரித்சாகரம்' என்ற சம்ஸ்கிருத நூலின் பெயர் அது.

மிரட்டல் கதையோடு முடியவில்லை. 2022 ஆகஸ்ட் 12-ல் நியூயார்க் மாகாணத்தில் மேடையிலேயே ருஷ்டி கத்தியால் குத்தப்பட்டு, வலது கண் பார்வையை இழந்தார். அந்த அனுபவத்தை 2024-ல் 'நைஃப்' என்ற புத்தகமாக எழுதினார்.

ஜாஃபருக்குப் புத்தகம் கிடைத்ததைப் பார்த்து, இளைய மகன் மிலனும் தனக்கொன்று கேட்டான். 'லூக்கா அண்ட் த ஃபயர் ஆஃப் லைஃப்' 2010-ல் வந்தது. அதில் ஹாரூனின் தம்பிதான் ஹீரோ.